காப்புக் கட்டிய ஊரைக் கிளப்பியது

கரட்டுப்பட்டிக்கு மேலே மலை எரிந்துகொண்டிருந்தபோது, ஊர் ஜனம் மொத்தமும் மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் உட்கார்ந்து, மாவிளக்குக்கு வாங்கிய வெல்லம் போதுமா போதாதா என்று பேசிக்கொண்டிருந்தது.

நான் போய் நின்றேன். யாரும் பதறவில்லை. "வாங்கம்மா, உக்காருங்க" என்று ஒரு பெண் முந்தானையால் தரையைத் தட்டி இடம் காட்டினாள்.

"எங்க உக்கார்றது? மேல பாருங்க, மலை எரியுது!"

எல்லோரும் மேலே பார்த்தார்கள். "ஆமா, எரியுது" என்றார்கள். மறுபடி வெல்லத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

அப்போது நான் அந்த ஊர் கிராம நிர்வாக அலுவலர். வி.ஏ.ஓ. என்று சொன்னால்தான் ஊரில் புரியும். பெரம்பலூரும் அரியலூரும் மாவட்டமாகப் பிரிவதும் சேர்வதுமாக இருந்த காலம். ஒவ்வொரு தடவையும் ஆபீசுக்கெல்லாம் ரப்பர் ஸ்டாம்ப் மாற்ற வேண்டும். அந்தக் குழப்பத்தில் நிம்மதியாகப் பிழைத்தவர் ஸ்டாம்ப் செய்து கொடுத்தவர் ஒருத்தர்தான்.

கரட்டுப்பட்டி பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் சின்ன ஊர். பேரை மாற்றித்தான் சொல்கிறேன், நிஜப் பேரைச் சொன்னால் வீடு தேடி வந்து சண்டை போடுவார்கள். பாதிக்கு மேல் கூரை வீடு. கோடையில் மலையில் புல் எரிவது அவர்களுக்குப் புதிதில்லை. அது பாட்டுக்கு எரியும், அணையும். ஆனால் அன்றைக்குக் காற்று மாறி அடித்தது. முந்தின நாள் உச்சியில் இருந்த தீ பாதி மலைக்கு இறங்கியிருந்தது. கருகிய மூங்கில் இலை காற்றில் வந்து, கோயில் வாசலில் போட்டிருந்த மாக்கோலத்தின் மேல் விழுந்தது. ஒருத்தி அதைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டாள். அவ்வளவுதான் அவர்கள் எடுத்த முன்னெச்சரிக்கை நடவடிக்கை.

தீயணைப்பு வண்டி வண்டிப்பாதை வரைக்கும் வந்து நின்றுவிட்டது, அதற்கு மேல் ஏறாது. வந்த அதிகாரி என்னிடம் தனியாகச் சொன்னார்: "பொழுது சாயறதுக்குள்ள ஊரைக் காலி பண்ணிடுங்கம்மா. காத்து இப்படியே அடிச்சா ராத்திரிக்குள்ள கீழ எறங்கிடும். கூரையில ஒரு பொறி விழுந்தா போதும், அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

நான் கோயில் வாசலுக்கு ஓடிப் போய் அதைச் சொன்னேன்.

"அதுக்கு என்னங்க பண்றது? காப்புக் கட்டியாச்சே" என்றார் பூசாரி மருதை.

யார் எல்லை?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவிழாவுக்கு மஞ்சள் கோத்த நூலில் காப்புக் கட்டிவிட்டால், அந்த நேரத்தில் ஊருக்குள் இருந்த யாரும் திருவிழா முடிகிற வரைக்கும் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். வீட்டில் கடுகு போட்டுத் தாளிக்கக்கூடக் கூடாது. மருதை காப்புக் கட்டி மூன்று நாள் ஆகியிருந்தது. மாவிளக்கு, பொங்கல், மஞ்சள் நீர் எல்லாம் பாக்கி.

ரோட்டோரத்தில் இருக்கும் அடுத்த ஊர் அரசுப் பள்ளிக்கூடத்தில் முகாம் என்று முடிவு. அந்த ஊரை ரோட்டூர் என்று வைத்துக்கொள்வோம். நடந்து போகிற தூரம்தான். ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம்.

தாசில்தார் ஜீப்பில் வந்து இறங்கினார். நல்ல மனுஷன்தான், கொஞ்சம் சத்தம் அதிகம். ஃபைலைப் பார்த்துக்கூடச் சத்தம் போடுவார்.

"அஞ்சு நிமிஷத்துல எல்லாரும் கிளம்பணும். இல்லேன்னா போலீஸ் வச்சுத் தூக்கிடுவேன்!"

"எந்தப் போலீசுங்க? நம்ம ஸ்டேசன்ல இருக்கறவங்க எல்லாம் பந்தோபஸ்துக்குப் போயிட்டாங்களே" என்றாள் பாப்பாத்தி.

பாப்பாத்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மலைப்பக்கம் கடைசி வீடு அவளுடையது. நாலு ஆடு, ஒரு புருஷன். புருஷன் பேர் தங்கராசு. புளிய மரத்திலிருந்து விழுந்து, ஒரு கால் முழுக்க மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். ஊரிலேயே முதலில் கிளம்ப வேண்டிய குடும்பம் அதுதான். ஊரிலேயே அதிகமாக அடம் பிடித்ததும் அவள்தான்.

"காப்புக் கட்டுன ஊரை வுட்டுப் போனா ஆத்தா சும்மா வுடுவாளா? அந்த மனுசன் மரத்துலேருந்து வுழுந்ததே போன வருசம் தீச்சட்டி எடுக்கறேன்னு வேண்டிட்டு எடுக்காததுனாலதான். இன்னொரு காலும் போவணுமா?"

"தீ வந்தா ரெண்டு காலும் போயிடும்மா!" என்று கத்தினார் தாசில்தார்.

"அத ஆத்தா பாத்துக்குவா."

தாசில்தார் என் பக்கம் திரும்பினார். "மல்லிகா, இது உன் கிராமம். எப்படியாவது கூட்டிட்டு வா. நான் ஸ்கூல்ல ஏற்பாடு பண்றேன்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார். அந்த ஜீப் தள்ளினால்தான் ஓடும். வெல்லம் பேசிக்கொண்டிருந்தவர்களே எழுந்து வந்து தள்ளிவிட்டார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நான் மருதை பக்கத்தில் உட்கார்ந்தேன். கோபம் வந்தால் எனக்குச் சட்டம் பேச வரும்.

"பூசாரி, இந்த ஊர் எல்லை எதுன்னு முடிவு பண்ற அதிகாரம் எனக்குத்தான். சர்வே வரைபடம் என் பீரோவுலதான் இருக்கு. நான் சொல்றேன், ரோட்டூர் பள்ளிக்கூடமும் நம்ம எல்லைதான்."

மருதை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது சர்க்கார் எல்லைங்கம்மா. ஆத்தா எல்லை வேற."

"ஆத்தா எல்லை எது?"

"கரகம் சுத்தி வர்ற எடம்."

"அப்ப கரகம் ரோட்டூர் வரைக்கும் சுத்தி வந்தா?"

மருதை தலையைச் சொறிந்தார். பக்கத்தில் பம்பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தவர்கூட விழித்துக்கொண்டார்.

"எறக்கி வைக்கற எடத்துல ஆத்தா இருப்பா" என்றார் மருதை மெதுவாக. "ஆத்தா இருக்கற எடம் ஊர்தான்."

"அப்ப தூக்குங்க கரகத்தை."

"அப்படியெல்லாம் தூக்கிட முடியுமாம்மா? ஆத்தாகிட்டக் கேக்கணுமுல்ல. பூப்போட்டுப் பாக்கணும்."

பூப்போட்டது

மலையிலிருந்து மூங்கில் வெடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதுவரைக்கும் எனக்குத் தெரியாது, மூங்கில் எரியும்போது தீபாவளி சரவெடி மாதிரி வெடிக்கும். ஒவ்வொரு வெடிக்கும் நான் ஒரு அடி எம்பினேன். மருதை நிதானமாகக் குளித்து, ஈர வேட்டியோடு வந்து, தலைக்குத் துண்டு கட்டி, வாழை இலைக் கிழிசலில் இரண்டு பொட்டலம் மடித்துக் கட்டினார். ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு அரளி என்றார். வெள்ளை வந்தால் ஆத்தா கிளம்பச் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை.

சிவப்பு வந்தால் என்ன செய்வது என்று நான் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. தங்கராசைக் கட்டிலோடு நானும் தலையாரி செல்லமுத்துவும் தூக்கிக்கொண்டு ஓடுவது என்றுதான் முடிவு செய்தேன். செல்லமுத்துவுக்குக் குடலிறக்கம். எனக்கு முதுகு வலி. எங்கள் மீட்புக் குழு அதுதான்.

"யாரு எடுக்கறது?" என்று கேட்டார்கள்.

"வெளியூர்க்காரங்க எடுக்கட்டும், அப்பத்தான் நாயம். வி.ஏ.ஓ. அம்மா எடுக்கட்டும்" என்றார் மருதை.

சாமி முன்னால் கிடந்த இரண்டு பொட்டலத்தையும் பார்த்தேன். வலது பக்கம் இருந்ததை எடுத்தேன். பிரித்தேன்.

வெள்ளை.

பம்பை அடித்தது பாருங்கள், காதே கிழிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். ஒரு மணி நேரமாக நான் கெஞ்சியும் நகராத ஊர், ஓடி ஓடிக் குடத்தையும் பாயையும் தூக்கிக்கொண்டு வந்தது. கரும்பு ஏற்றிக்கொண்டு எறையூர் சர்க்கரை ஆலைக்குப் போய்விட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்த இரண்டு டிராக்டரை செல்லமுத்து ரோட்டில் மறித்துக் கூட்டி வந்திருந்தார். டிரெய்லரில் ஆடு, கோழி, குழந்தை, வெல்லம். அந்த வெல்லத்தை மட்டும் யாரும் மறக்கவில்லை.

டிரெய்லரில் சாமான் ஏற்றும்போது, பிரிக்காத இரண்டாவது பொட்டலம் மருதையின் பூசைக் கூடையில் கிடந்தது. சும்மா இருக்க முடியாமல் பிரித்துப் பார்த்தேன். அதிலும் வெள்ளை அரளிதான்.

மருதையைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

"ஆத்தா ரெட்டை வாக்கு குடுத்திருக்காம்மா" என்றார்.

தலைமாடு, கால்மாடு

முன்னால் பம்பை. அடுத்து தலையில் கரகத்தோடு மருதை. அப்புறம் ஊர். கடைசியில் நாலு பேர் தோளில் கட்டிலோடு தங்கராசு.

பாதி வழியில் கட்டிலிலிருந்து அலறல். தீ வந்துவிட்டதோ என்று ஓடிப் போய்ப் பார்த்தேன்.

"அடப்பாவிகளா, காலை முன்னால வச்சுத் தூக்கிட்டுப் போறீங்களேடா! மேளத்தோட வேற! நான் இன்னும் சாவலடா, திருப்புங்கடா!"

பிணத்தைத்தான் அப்படித் தூக்குவார்கள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஊர்வலம் நின்றது. கட்டிலை இறக்கி, சுற்றிவந்து, மாற்றித் தூக்கினார்கள். இப்போது அவர் முகம் பின்பக்கம் பார்த்து, எரிகிற மலையைப் பார்த்தபடி வந்தது. அதற்கப்புறம் அவர்தான் எங்களுக்குத் தகவல் மையம். "பாறைக்கிட்ட வந்துடுச்சு... பனமரம் புடிச்சுகிச்சு... வேகமா நடங்கடா!" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நடை தன்னால் வேகமானது.

ரோட்டூர் எல்லைக்கல்லில் மறுபடி நின்றுவிட்டது. இரண்டு ஊருக்கும் ஏரித் தண்ணீரில் பழைய தகராறு. ரோட்டூர் ஆட்கள் ரோட்டை அடைத்து நின்றார்கள். பின்னால் தீ, முன்னால் சண்டை என்றால் நான் எந்தப் பக்கம் ஓடுவது?

ரோட்டூர் நாட்டாமை கையைத் தூக்கினார். "நில்லுங்க. உள்ள வரக் கூடாது."

"என்னங்கய்யா இது, உயிர் பிரச்சினை..." என்று ஆரம்பித்தேன்.

"அது தெரியுதும்மா. ஆத்தா முதல் தடவையா எங்க ஊருக்கு வரா. வெறுங்கையோட எப்படி உள்ள வுடறது? ஆரத்தி கரைக்கப் போயிருக்காங்க. செத்த பொறுங்க."

பொறுத்தோம். ஆரத்தி வந்தது. தேங்காய் வந்தது. மருதை காலில் ஊற்ற வரிசையாகக் குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. ஏரித் தண்ணீரில் ஒரு மடைக்கு அடித்துக்கொண்ட ஊர், அன்றைக்கு ரோடு முழுக்கத் தண்ணீரை ஊற்றிச் சேறாக்கியது. கட்டில் தூக்கிய நாலு பேரும் அதில் வழுக்கினார்கள். தங்கராசு பேசிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

பள்ளிக்கூட வாசலில் தாசில்தார் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"மல்லிகா, என்ன இது? எவாக்குவேஷனா, தேரோட்டமா?"

"ரெண்டும்தான் சார்."

கடுகு

ரோட்டூர் சத்துணவு அமைப்பாளர் ராஜாமணி சமையலில் கைமணம் உள்ளவள். ஆபத்துக்கு வருகிறவர்களுக்கு நன்றாகப் போட வேண்டும் என்று, தன் வீட்டு நெய் விட்டு, கடுகு, கறிவேப்பிலை, வரமிளகாய் தாளித்து, அண்டா நிறைய கிச்சடி செய்து வைத்திருந்தாள். வாசனை ரோடு வரைக்கும் வந்தது.

யாரும் தொடவில்லை.

"கடுகு வெடிச்சது, ஆவாது" என்றாள் பாப்பாத்தி, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு.

ராஜாமணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஒரு தடவைகூட எங்கிட்ட யாரும் சோறு வேணான்னு சொன்னதில்லீங்கம்மா." அந்த அண்டாவைத் தீயணைப்புக்காரர்கள் காலி செய்தார்கள். அவர்களுக்குக் காப்பும் இல்லை, கட்டும் இல்லை. ஊர்க்காரர்களுக்கு மறுபடி உலை வைத்து, கஞ்சியும் சின்ன வெங்காயமும் கொடுத்தோம். நிவாரண முகாமுக்கு அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கடுகைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

தள்ளினால்தான் ஓடும் ஜீப்

இதற்கு முந்தின வருஷம் வேறொரு ஊரில் குடிசைகள் எரிந்து, ஜனங்களைப் பள்ளிக்கூடத்தில் வைத்தோம். அதிகாரிகள் வந்தார்கள், "எல்லாம் உடனே செய்யப்படும்" என்றார்கள், போனார்கள். தண்ணி லாரி வருவதற்குள் பாதிப் பேர் சொந்தக்காரர்கள் வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். சிலர் எரிந்த இடத்துக்கே திரும்பிப் போய்ப் படுத்தார்கள். அதனால் கரட்டுப்பட்டியில் எனக்கு இருந்த பயம் தீயைப் பற்றி மட்டும் இல்லை. இங்கே வசதி இல்லை என்று தெரிந்தால் இவர்கள் இருட்டில் எழுந்து ஊருக்கே நடந்துவிடுவார்கள். நடக்க முடியாத தங்கராசைப் பாப்பாத்தி முதுகில் போட்டுக்கொண்டாவது போவாள்.

தாசில்தார் ஜனத்தைப் பார்த்து, "எல்லாம் உடனே செய்யப்படும்" என்றார். ஜீப்பில் ஏறினார்.

மருதை கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, எங்க கிளம்பிட்டீங்க?"

"பெரம்பலூருக்கு. வேற எங்க?"

"கரகம் எறங்கறப்ப நீங்க உள்ளதானே ஐயா இருந்தீங்க? எச்.எம். சேர்ல உக்காந்திருந்தீங்க. நான் பாத்தேன். ஆத்தா எறங்கின எடம் ஊரு. ஊருக்குள்ள இருந்தவங்க ராத்தங்க வெளிய போவக் கூடாதுங்க."

தாசில்தார் சிரித்தார். "நான் கவர்மெண்ட்டுய்யா. எனக்கெல்லாம் அது கிடையாது. டிரைவர், எடு."

டிரைவர் சாவியைத் திருப்பினார். ஜீப் 'கர்ர்' என்றது. நின்றது.

கூட்டம் மொத்தமும் "ஆத்தா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"ஏய், இது எப்பவுமே இப்படித்தான்யா! தள்ளுங்க!"

யாரும் நகரவில்லை. மதியம் கரட்டுப்பட்டியில் தள்ளிவிட்ட அதே ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். டிரைவர் வேறு பக்திமான். அவரும் இறங்கிக் கரகம் இருந்த வகுப்பறையைப் பார்த்துக் கும்பிட்டார். "சார், எனக்குச் சின்னக் குழந்தைங்க இருக்கு" என்றார்.

"மல்லிகா, நீயாவது சொல்லேன்!"

"நான் எடுத்த பூ சார் அது. நானே எப்படி மீறறது?" என்றேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ இருந்ததை நான் சொல்லவில்லை. மருதை என் பக்கம் திரும்பவே இல்லை.

தாசில்தார் தங்கினார். தங்கியதும் முதல் காரியமாகப் பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"மல்லிகா, அங்க தண்ணியே இல்லையே!"

"ஆமா சார்."

"லைட்டும் இல்ல!"

"ஆமா சார்."

"எல்லாரும் எங்க போவாங்க?"

"அதான் சார் எனக்கும் கவலை."

அவர் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தார். அன்றைக்குத்தான் அவருடைய சத்தத்துக்கு ஒரு உபயோகம் இருந்தது. அவர் பேசியது ரோட்டூர் முழுக்கக் கேட்டது. பொழுது சாய்வதற்குள் தண்ணி லாரி வந்தது. அதன் பின்னாலேயே ஜெனரேட்டர், பாய், கொசுவத்தி, குழந்தைகளுக்குப் பால். மாவுக்கட்டுக்காரர் ஒருத்தர் இருக்கிறார் என்று நான் ஞாபகப்படுத்தியதும் டாக்டர்கூட வந்தார். என் சர்வீசில் அப்படி ஒரு முகாமை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் தாசில்தார் முன்னால் கஞ்சி வந்தது. "கிச்சடி வாசனை வந்துச்சே?" என்றார் ஏக்கமாக.

"கடுகு போட்டதுங்கய்யா. உங்களுக்கும் ஆவாது" என்றாள் பாப்பாத்தி, வெங்காயத்தை உரித்து வைத்துக்கொண்டே.

சாப்பிட்டுவிட்டு அவர் மருதையைக் கூப்பிட்டு ரகசியமாகக் கேட்டார்: "ஆத்தா திரும்ப உங்க ஊருக்குப் போயிட்டா, இந்த எல்லையும் கூடவே போயிடுமில்ல?"

"போயிடுங்க."

"அப்ப நான் விடுதலைதானே?"

"நீங்க கரகத்தோட கூட வராம இங்கயே நின்னுட்டீங்கன்னா விடுதலைதாங்க."

அவ்வளவுதான். தீ அணைய வேண்டும் என்று கரட்டுப்பட்டியை விட அதிகமாக ஆசைப்பட்டவர் தாசில்தார்தான். விடிந்ததும் அரியலூரிலிருந்தும் ஒரு தீயணைப்பு வண்டி, வனத்துறை ஆட்கள், ரோட்டூர் வாலிபர்கள் கையில் பச்சைக் கிளை என்று ஒரு படையே மலைப்பக்கம் போனது. அவர் பூத்திலேயே குடியிருந்தார்.

திரும்பிப் போனது

மறுநாள் சாயங்காலம் தீ அடங்கியது என்று சொல்லி அனுப்பினார்கள். பம்பை, கரகம், ஊர், கட்டில் என்று அதே வரிசையில் திரும்பினோம். இந்தத் தடவை தங்கராசு கட்டிலில் ஏறுவதற்கு முன்னாலேயே தலை எந்தப் பக்கம் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். தாசில்தார் பள்ளிக்கூட வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தவறிக்கூட ஒரு அடி எங்களோடு வைத்துவிடக் கூடாதாம்.

ஊருக்குள் போனதும் பம்பை நின்றுவிட்டது. மலைப்பக்கம் இருந்த வீடுகளில் மூன்று இல்லை. கடைசி வீடு பாப்பாத்தியுடையது. கூரை இருந்த இடத்தில் கரியும், சுவர் ஓரத்தில் ஒரு அடுக்குப் பானையும் இருந்தன. தங்கராசின் கட்டில் கிடந்த மூலையில் மேல்சுவர் சரிந்து விழுந்திருந்தது.

பாப்பாத்தி அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் தோளில் கட்டிலோடு நின்றவர்களிடம், "எறக்காதீங்க, செத்த நேரம் அப்படியே வச்சிருங்க" என்றாள். கட்டிலுக்குப் பக்கத்தில் போய்ப் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவரும் அன்றைக்கு ஒன்றும் திட்டவில்லை.

நான் ஓரமாகப் போய் நின்று அழுதேன். மருதை என் பக்கத்தில் வந்து நின்றார். "செவப்பு அரளி பறிக்கலாம்னுதான் போனேம்மா" என்றார். "கை வரல."

கூரை போட கீற்றும் மூங்கிலும் அந்த வாரமே வந்து சேர்ந்தது. எப்படி அவ்வளவு சீக்கிரம் என்று ஆபீசில் கேட்டார்கள். தாசில்தார் சொன்னார்: "அந்தம்மா எனக்கு வெங்காயம் உரிச்சுக் குடுத்துச்சுய்யா."

கைப்பையில் இருப்பது

சில வருஷம் கழித்துக் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது, தா.பழூர்ப் பக்கம் என்னை வெள்ள டூட்டிக்குப் போட்டார்கள். கரையோர ஜனங்களைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தோம். சுற்றிலும் தண்ணீர், குடிக்க மட்டும் தண்ணீர் இல்லை. மத்தியானம் பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். புது கார், போட்டோ எடுக்க ஆட்கள். "எல்லாம் உடனே செய்யப்படும்" என்றார்.

எனக்கு அந்த வாக்கியம் நன்றாகத் தெரியும். காரும் நல்ல கார், தள்ள வேண்டிய அவசியமே இல்லை.

என் கைப்பையில் டார்ச், கயிறு, தீப்பெட்டி, பிளாஸ்டர் எல்லாம் இருக்கும். அதோடு ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டும் நூலும் கரட்டுப்பட்டியிலிருந்தே இருக்கிறது. மஞ்சளில் கொஞ்சம் உடைத்து நூலில் கட்டி, முகாமில் இருந்த ஒரு அம்மாவிடம் கொடுத்துக் காதில் சொன்னேன். அந்த அம்மா ஆரத்தித் தட்டோடு போய், "ஐயா, எங்க மரியாதை" என்றாள். அதிகாரி சந்தோஷமாகக் கையை நீட்டினார். கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அந்த அம்மா மணிக்கட்டில் இறுக்கி மூன்று முடிச்சுப் போட்டாள்.

"என்னம்மா இது?" என்று என்னிடம் கேட்டார்.

"காப்பு சார். இது கட்டினவங்க முகாம் முடியற வரைக்கும் ராத்தங்க வெளிய போகக் கூடாதுன்னு ஐதீகம். பேப்பர்காரங்க எல்லாரும் பாத்துட்டாங்க சார்."

அவர் மணிக்கட்டைப் பார்த்தார். காரைப் பார்த்தார். சுற்றி நின்ற ஜனத்தைப் பார்த்தார். எல்லோரும் அவரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள்.

"இங்க பாத்ரூம் எங்க இருக்கு?" என்றார்.

கையைக் காட்டினேன். போனார். போன வேகத்தில் திரும்பி வந்து செல்போனை எடுத்தார்.

பொழுது சாய்வதற்குள் தண்ணி லாரி வந்துவிட்டது.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு டிரெய்னிங்கில் நிறையச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எல்லாம் நல்லதுதான், மறக்காதீர்கள். ஒரு ஊரைக் கிளப்ப வேண்டும் என்றால், அவர்கள் எதை விட்டுவிட்டு வர மாட்டார்கள் என்று கேளுங்கள், அதை முதலில் தூக்குங்கள். கிச்சடியில் கடுகு போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை விசாரியுங்கள். கட்டிலில் ஆளைத் தூக்கினால் தலையை முன்னால் வையுங்கள்.

மீதி மஞ்சள் துண்டு என்னிடம் இன்னும் இருக்கிறது. வேண்டுமானால் பாதி உடைத்துத் தருகிறேன்.